ஐம்பது கட்டில்

வாரியத்துக்கு அறுபது வயதாம். வைரவிழாவாம். அதைக் கொண்டாட அவர்களுக்கு ஊரில் வேறு இடமே கிடைக்கவில்லை, எங்கள் இல்லம்தான் கிடைத்தது.

எங்கள் இல்லம் என்றால் எர்ணாவூரில் இருக்கும் அரசுக் காப்பகம். உடம்பு வளர்ந்தும் மனசு குழந்தையாகவே நின்றுபோனவர்கள் இருக்கிற இடம். என் தம்பி ஜெபசிங் அங்கேதான் இருக்கிறான். அம்மா இறந்தபிறகு அவனைத் திருவொற்றியூரில் எங்கள் மளிகைக் கடையிலேயே என்னோடு வைத்துப் பார்த்தேன். ஒருநாள் சாக்கு மூட்டைக்கு நடுவில் கற்பூரம் கொளுத்தி விளையாடினான். இன்னொரு நாள் விம்கோ நகர் தண்டவாளத்தில் போய் உட்கார்ந்துகொண்டான். அதற்கு மேல் என்னால் ஆகவில்லை. காப்பகத்தில் சேர்த்த பிறகுதான் அவனும் தூங்கினான், நானும் தூங்கினேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ஷேர் ஆட்டோ பிடித்துப் போய்ப் பார்ப்பேன். "ரெஜினாக்கா வந்துட்டா" என்று கேட் வரைக்கும் ஓடி வருவான். அந்த இடத்தைத்தான் அவனிடமிருந்து பிடுங்கப் பார்த்தார்கள்.

மாநிலத்தில் அரசு நடத்தும் காப்பகம், விடுதி எல்லாவற்றையும் மேற்பார்வை பார்ப்பது இந்த வாரியம். வருஷத்துக்கு ஒருமுறை வரும். எந்தத் தேதியில் வரும் என்று முன்கூட்டியே தகவலும் வந்துவிடும். அப்புறம் கேட்க வேண்டுமா! சுவருக்குச் சுண்ணாம்பு, கக்கூஸுக்கு பினாயில், வாசலில் வாழைமரம். திருடனைப் பிடிக்கப் போகிறவன் திருடனுக்கு போன் போட்டுவிட்டுப் போவானா? இவர்கள் போவார்கள்.

காப்பகத்துக்கு அனுமதி ஐம்பது பேருக்குத்தான். கட்டிலும் ஐம்பதுதான். ஆனால் உள்ளே இருந்தது எண்பதுக்கும் மேலே. கண்காணிப்பாளர் கௌசர் மேடம் வாசலுக்கு வந்த யாரையும் திருப்பி அனுப்பமாட்டார். "எங்கே போகும்மா இது?" என்பார், ஒரு பாயை எடுத்துப் போடுவார். ஐம்பது பேருக்கு வரும் அரிசியில் எண்பது பேர் சாப்பிட முடியுமா? எங்கள் கடையிலிருந்து அரிசியும் பருப்பும் போகும். காசிமேட்டிலிருந்து மங்கை மீன் கொண்டுவருவாள். மங்கையின் மகன் தீபனும் ஜெபசிங்கும் ஒரே பாயில் படுக்கிறவர்கள்.

அனுமதிக்கு மேல் ஆள் இருப்பது தெரிந்தால், எந்த ஜில்லாவில் இடம் காலியோ அங்கே தூக்கிப் போட்டுவிடுவார்கள். ஒருமுறை அப்படி ஒரு பையனைத் தெற்கே எங்கேயோ அனுப்பினார்கள். அவன் அம்மா ரயிலுக்குக் காசில்லாமல், மகன் முகத்தைப் பார்க்காமலேயே செத்துப்போனாள். அதிலிருந்துதான் இந்தப் பழக்கம் வந்தது. வாரியம் வரும் நாளில், பாயில் படுக்கிறவர்களின் சொந்தக்காரர்கள் விடியும்போதே வந்து அவரவர் ஆளைக் கூட்டிக்கொண்டு போய்விடுவோம். தீபன் காசிமேட்டுக்குப் போவான். ஜெபசிங் என் கடையில் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்து எலந்தவடை தின்பான். வாரியம் வந்து, எண்ணி, மாலை வாங்கி, போண்டா தின்று கிளம்பிய பிறகு எல்லாரையும் திரும்பக் கொண்டுவந்து விடுவோம்.

ஜெபசிங்குக்கு ஒரு விஷயம் சொல்லிப் புரியவைக்க மாசக்கணக்கில் ஆகும். இதை மட்டும் கற்பூரம் மாதிரி பிடித்துக்கொண்டான். 'வாரியம்' என்ற சொல் காதில் விழுந்தால் போதும், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டுக்குப் போய் நின்றுவிடுவான். தீபனும் மற்றவர்களும் அவன் பின்னாலேயே போவார்கள். சமர்த்து என்று நாங்கள் ஆளுக்கொரு மிட்டாய் கொடுப்போம்.

விழாவுக்கு முந்தின ஞாயிறு கௌசர் மேடம் எங்களை எல்லாம் கூப்பிட்டு உட்காரவைத்தார். முகமே சரியில்லை.

"இந்தக் கட்டடத்தை இடிக்கப் போறாங்க. மீஞ்சூர் பக்கம் புதுசு கட்டிட்டாங்க. எல்லாரும் அங்கே போகணுமாம்."

"நல்லதுதானே மேடம்?" என்றேன்.

"அங்கே ஐம்பது கட்டில்தான் ரெஜினா. ஐம்பதுக்கு மேல ஒருத்தர்கூட கூடாதுன்னுட்டாங்க. வாசல்ல ஆளை எண்ணித்தான் உள்ளே விடுவாங்களாம். மத்தவங்க இருக்காங்கன்னு இப்போ சொன்னேன், நம்ப மாட்டேங்கறாங்க. இத்தனை வருஷம் ஐம்பது பேரைத்தானே எண்ணினோம், திடீர்னு எங்கேருந்து முளைச்சாங்கன்னு கேக்கறாங்க."

மங்கை எழுந்துவிட்டாள். "இன்னா மேடம் பேசறீங்கோ? எம்புள்ள இன்னா பேயா பிசாசா? கண்ணு முன்னாடி குந்திகினு கீறான், இல்லவே இல்லன்றானா அந்தக் கசுமாலம்?"

எனக்கு வயிறு எரிந்தது. வாரியத்தின் மேல் எரிந்தது, கௌசர் மேடம் மேல் எரிந்தது, விடியற்காலையில் ஆட்டோ பிடித்துப் போய் என் தம்பியை நானே ஒளித்துவைத்தேனே, என் மேலேயும் எரிந்தது. யார் பிழைக்கட்டும் என்று ஒளித்தோமோ அவர்களையே இல்லாமல் ஆக்கியிருந்தோம்.

"இந்தத் தடவை நாங்க யாரையும் கூட்டிப்போக மாட்டோம் மேடம்," என்றேன். "எல்லாரும் ஹால்லயே உக்காரட்டும். வர்றவன் கண்ணால பாக்கட்டும்."

"என் வேலை போயிடும்," என்றார் கௌசர் மேடம். பிறகு, "போனாப் போகட்டும்," என்று அவரே சொன்னார்.

விழா அன்று ஹாலில் கட்டில்களைச் சுவரோரமாகப் போட்டு, ஐம்பது பேரும் புதுச் சட்டையில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் பாய் விரித்து எங்கள் பிள்ளைகள், கூடவே நாங்கள். வாரியத்தின் தலைவர் செல்வநாதன் வந்தார். ஓய்வுபெற்ற பெரிய அதிகாரி. வெள்ளைச் சட்டை, சந்தன வாசனை. பாயில் இருந்தவர்களைப் பார்த்து, "உறவினர்கள் இவ்வளவு பேர் வந்திருப்பது மகிழ்ச்சி," என்று கும்பிட்டார். உறவினர்களாம்! வாயில் எச்சில் வழிய என் தோளில் சாய்ந்திருக்கிறானே ஜெபசிங், அவனும் உறவினனாம்.

கேக் வெட்டினார். அப்புறம் மைக்கைப் பிடித்து வரலாறு சொல்ல ஆரம்பித்தார். அந்தக் காலத்தில் முதல் உறுப்பினர் சைக்கிளில் வருவாராம். எப்போது வருவார் என்று யாருக்கும் தெரியாதாம். நேராகச் சமையல்கட்டுக்குப் போய்ச் சோற்றை அள்ளி வாயில் போட்டுப் பார்ப்பாராம். ராத்திரி எத்தனை பேர் எங்கே படுக்கிறார்கள் என்று பாய் பாயாகப் பார்ப்பாராம். அதற்கு எல்லாரும் கை தட்டினார்கள். பிறகு ஜீப் வந்ததாம், பிறகு கார் வந்ததாம், தலைமை அலுவலகத்துக்கு ஏழு மாடி வந்ததாம். அதற்கும் கை தட்டினார்கள். சோற்றை அள்ளிப் பார்த்த அந்தக் கை எப்போது மாலைக்கு நீண்டது என்று மட்டும் அவர் சொல்லவில்லை. எனக்குப் பல்லைக் கடித்துக் கடித்துத் தாடை வலித்தது.

"இந்தக் காப்பகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அனுமதித்த எண்ணிக்கைக்கு மேல் ஒருவர்கூட இங்கே இருந்ததில்லை. இதுதான் நமது வாரியம்!" என்றார்.

அவ்வளவுதான். ஜெபசிங் விருட்டென்று எழுந்தான். பாய்க்கு அடியிலிருந்து செருப்பை எடுத்தான். நான் கையைப் பிடிப்பதற்குள் கேட்டைப் பார்த்து நடந்தான். தீபன் எழுந்தான். அவனுக்குப் பின்னால் மற்றவர்களும் ஒவ்வொருவராக எழுந்து, சத்தம் போடாமல், ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு வெளியே போனார்கள். பாயில் நாங்கள் மட்டும் மிஞ்சினோம். செல்வநாதன் சிரித்துக்கொண்டே, "பாவம், அவர்களுக்கு நேரமாகிவிட்டது போலிருக்கிறது," என்றார்.

பாழாய்ப்போனவன்! நான் ஓடினேன். கேட்டில் செருப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றான் என் தம்பி. முகமெல்லாம் சிரிப்பு.

"அக்கா, கரெக்டா வந்துட்டேன். மிட்டாய்?"

அந்த இடத்தில் நான் அழுதேன். ஆத்திரத்தில்தான் அழுதேன். அவன் கையிலிருந்த செருப்பை வாங்கித் தூர எறிந்தேன்.

"ஏலே ஜெபா, இன்னிக்குக் கடைக்குப் போகல. திரும்பி நட."

அவனுக்குப் புரியவில்லை. தப்பு செய்துவிட்டோமோ என்று உதடு துடித்தது. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு உள்ளே போனேன். மங்கை தீபனைத் தள்ளிக்கொண்டு வந்தாள். மற்ற சொந்தக்காரர்களும் ஆளுக்கொருவரைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். நான் மேடைக்கு முன்னால் போய் நின்றேன்.

"சார், இவங்க உறவினர் இல்ல. இங்கேயே இருக்கிறவங்க. நீங்க வந்தாப் போயிடணும்னு நாங்கதான் பழக்கினோம். இவன் என் தம்பி ஜெபசிங். மீஞ்சூர்ல இவனுக்குக் கட்டில் எங்கே?"

செல்வநாதன் கௌசர் மேடத்தைப் பார்த்தார். "ஆமா சார். நான்தான் ஒளிச்சேன்," என்றார் அவர்.

செல்வநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்பப் பொறுமையான மனிதர். "அம்மா, உணர்ச்சிவசப்படாதீர்கள். முறைப்படி மறுபடி ஓர் ஆய்வு வைத்து எண்ணிப் பார்க்கிறோம். தேதியை முன்கூட்டியே தெரிவிக்கிறோம்," என்றார்.

தேதியா? எனக்குத் தலைக்கு மேல் ஏறிவிட்டது.

"தேதி சொல்றதுக்கு இதென்ன கல்யாணமா? சைக்கிள்ல வந்தவர் தேதி சொல்லிட்டா வந்தாரு? ஆள் இங்கே நிக்கறான், நீங்களும் இங்கே நிக்கறீங்க. இப்ப எண்ணுங்க."

"இத பார் நைனா," என்றாள் மங்கை. கேட்டைச் சாத்திப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வந்திருந்தாள். "எண்ணிட்டுப் போ. எண்ணாங்காட்டி உன் காரு இங்கதான் நிக்கும்."

அவர் அதிகாரிகளைப் பார்த்தார். அவர்கள் தரையைப் பார்த்தார்கள். கடைசியில் மேடையை விட்டு இறங்கினார். சுவரோரக் கட்டில்களிலிருந்து ஆரம்பித்தார். ஒவ்வொருவரையும் விரலால் காட்டி முணுமுணுத்துக்கொண்டே வந்தார். ஐம்பது என்று சொல்லி நின்றார். பழக்கம்! கைகூட அதற்கு மேல் நகரவில்லை.

"நிறுத்தாதீங்க சார்," என்றேன்.

விரல் ஜெபசிங் பக்கம் திரும்பியது. அவன் நடுங்கிப்போய் என் முந்தானைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான். "அக்கா, வாரியம் பாக்குது, வாரியம் பாக்குது," என்று கிசுகிசுத்தான். பாக்கக்கூடாது என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது யார்? நான்தான்.

முந்தானையை உருவினேன். அவன் தாடையைப் பிடித்து முகத்தை நிமிர்த்தினேன்.

"பாக்கட்டும்லே. நல்லாப் பாக்கட்டும்."

செல்வநாதன் விரலை மடக்கிக்கொண்டார். அதனால் நானே சொன்னேன், கேட்டுக்கு வெளியே ரோடு வரைக்கும் கேட்கும்படி சொன்னேன்.

"ஐம்பத்தொண்ணு!"