பத்துச் சங்கிலி தூரம்

எங்கள் பல்கலைக்கழகம் நடுவிலிருந்து வளர்ந்தது. மற்ற ஊர்களில் ஓரத்தில் நிலம் வாங்கி, கல்லும் மண்ணும் சுமந்து வளர்ப்பார்கள். எங்களுக்கு அந்தச் சிரமம் இல்லை. நூலகத்துக்கும் வேதியியல் துறைக்கும் இடையில் ஒருநாள் காலையில் ஒரு படிக்கட்டு தெரியும். மாதம் திரும்பினால் தூண்கள் நிற்கும். பருவம் முடிவதற்குள் முழுத் துறையும் எழும்பி, உள்ளே ஒரு பேராசிரியர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அலுவலகத்திலிருந்து அவருக்கு ஒரு வருகைப் பதிவேடும் ஒரு பியூனும் அனுப்புவார்கள். அவ்வளவுதான்.

நான் அங்கே சர்வேயர். நாற்பத்தொன்பதாம் வருடம் சேர்ந்தேன். அலுவலகம் கிழக்குக் கோடியில், எனக்குக் கொடுத்த குவார்ட்டர்ஸ் மேற்குக் கோடியில். இடையில் பத்துச் சங்கிலி தூரம். சங்கிலி என்றால் நிலம் அளக்கும் இரும்புச் சங்கிலி, அறுபத்தாறு அடி நீளம். போட்ட வெற்றிலையை மென்று முடிப்பதற்குள் வீடு வந்துவிடும்.

மாதத்தின் முதல் திங்கட்கிழமை, அலுவலகப் படியிலிருந்து என் வீட்டு வாசல்வரை அளந்து பதிவேட்டில் எழுத வேண்டும். சங்கிலியின் மறுமுனையைப் பிடிப்பவர் பிச்சைக்கண்ணு, என்னைவிட ஆறு வயது மூத்தவர். ஒவ்வொரு மாதமும் பத்துச் சங்கிலிதான் வந்தது. சங்கிலியை வளாகத்துக்கு வெளியே வைக்கக் கூடாது என்பது விதி. அதனால் வளாகம் வளர்ந்தபோது அதுவும் கூடவே வளர்ந்தது. மூன்றாம் வருடம் அதை இழுக்க இரண்டு ஜோடி மாடு பூட்டினோம். அப்போதும் பத்துதான். 'மாற்றமில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என் எழுத்து முத்து முத்தாக இருக்கும். அந்தக் கர்வம் வேறு. மாறாததை எதற்கு அளப்பானேன் என்று நாலாம் வருடம் அளவையே நிறுத்திவிட்டார்கள்.

மதியச் சாப்பாடு எனக்கு வீட்டில்தான். என் மனைவி குழந்தைவடிவு சுடச்சுடப் போடுவாள். இயற்பியல் துறை வந்த வருடம் சோறு ஆறிப்போனது. வரலாறு வந்த வருடம் குழம்பு ஊசிப்போனது. பிறகு மண்ணியல் துறை வந்தது, தனக்கென்று ஒரு குன்றோடு. வரலாறு படிக்கக் கிளம்பிய ஒரு மாணவன் வழியிலேயே கணக்கில் பட்டம் வாங்கிவிட்டான்.

வடிவு கெட்டிக்காரி. "நீங்க பாதி வாங்க, நான் பாதி வாரேன்" என்றாள். தூக்குச் சட்டியோடு மேற்கிலிருந்து நடந்து வருவாள். பொருளாதாரத் துறை வராந்தாவில் உட்கார்ந்து சாப்பிடுவோம்.

"இன்னும் ரெண்டு வாய் சாப்பிடுங்க. நாளைக்கு இம்புட்டுத் தூரம் வர முடியுதோ என்னவோ" என்பாள்.

நான் சிரிப்பேன். மடையன். அந்த வராந்தா ஒரு வருடம்தான் தாங்கியது. பிறகு பாதி என்பதே இரண்டு நாள் நடை ஆனது. அவளுக்குக் கால் வீங்கிவிட்டது. நான் பதிவறை மேசையிலேயே படுத்துக்கொண்டேன். கடிதம் எழுதிக்கொண்டோம். இருதயராஜ் என்ற தபால்காரர் ஒருவரே இரண்டு பக்கமும் கொண்டுபோய்க் கொடுத்தார்.

ஐம்பத்தாறில் ஆவணி மாதம் அவள் எழுதிய கடிதம் புரட்டாசியில் வந்தது. 'இருமல் விட மாட்டேங்குது. சளியில் ரத்தம் தெரியுது. பயப்படாதீங்க. முடிஞ்சா ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போங்க' என்று எழுதியிருந்தாள்.

இரண்டு மாத லீவுக்கு எழுதிக் கொடுத்தேன். ரிஜிஸ்திரார் ஆராவமுது ஐயங்கார் நல்ல மனிதர். என்னை உட்காரச் சொன்னார்.

"பத்துச் சங்கிலி தூரத்துக்கு ரெண்டு மாச லீவா ஓய்?"

பதிவேட்டை என் பக்கம் திருப்பி வைத்தார். "இது உம்ம கையெழுத்துதானே?"

"என்னுடையதுதான் சார்."

"அப்புறம் என்ன? சாப்பாட்டு நேரத்துல போயிட்டு வாரும். ஆத்துல நான் விசாரிச்சதாச் சொல்லும்."

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். நான் கையெழுத்தால் கெட்டேன்.

ஒரு மணி அடித்ததும் கிளம்பினேன். இருபத்திரண்டு நாள் நடந்தேன். வழியில் சில துறைகளின் பெயர் என் வாயில் நுழையவில்லை. பேராசிரியர்கள் மோர் கொடுத்தார்கள். குன்றின் மேல் ஏறியதும் வீடு தெரிகிறதா என்று பார்த்தேன். தெரியவில்லை. அங்கேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். பிறகு இறங்கி நடந்தேன்.

வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டு ஆவுடையம்மாள் சாவியோடு வந்தார்.

"வடிவு போயிட்டா. இன்னியோட மூணு நாள் ஆச்சு. செய்ய வேண்டியதெல்லாம் முறையாச் செஞ்சாச்சு. உங்க ஆபீசுக்கு நேத்துத்தான் கார்டு போட்டேன். இருதயராஜ் வடக்கு ரோடு வழியாக் கொண்டுபோறார்."

உள்ளே போய் அவள் கட்டிலில் உட்கார்ந்தேன். இந்தப் படுபாவி முகத்தைக் கடைசியாக ஒருதரம் பார்க்காமல் போய்விட்டாளே என்று தலையில் அடித்துக்கொண்டேன். வெகுநேரம் கழித்துத்தான் எனக்கு அது தோன்றியது.

"அப்படின்னா ஆபீஸ் பக்கம் அவ இன்னும் இருக்கா" என்றேன்.

ஆவுடையம்மாள் விரல் விட்டு எண்ணினார். "ஆமா. கார்டு போய்ச் சேர ஒரு மாசம் ஆகும். அதுவரைக்கும் அங்கே இருக்கத்தானே செய்வா? நான் சொன்னதை இங்கேயே வச்சுட்டு வெரசாக் கிளம்புங்க."

புளிச்சோறு கட்டிக் கொடுத்தார். துக்க வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லக் கூடாது. சொல்லாமல் கிளம்பினேன்.

ஏழாம் நாள், கணிதத் துறைக் குழாயடியில் இருதயராஜைப் பிடித்துவிட்டேன். கால் வலிக்கிறதென்று பையை இறக்கி வைத்திருந்தார்.

"ஐயா, உங்களுக்கு ஒரு கார்டு இருக்கு. கையிலேயே தந்துரட்டுமா?"

"ஆபீஸ் விலாசத்துக்கு வந்ததை ஆபீஸ்லயே குடுங்க. விதின்னு ஒண்ணு இருக்குல்ல?"

"அதுவும் சரிதான்" என்றார். நான் நிற்காமல் நடந்தேன்.

அலுவலகத்தில் ரிஜிஸ்திரார் கடிகாரத்தைப் பார்த்து, சாப்பாட்டு நேரம் கொஞ்சம் நீண்டுவிட்டது என்று மட்டும் சொன்னார். பிச்சைக்கண்ணு, "வீட்டுல அம்மா எப்படி இருக்காங்க?" என்று கேட்டார்.

"இருமல்தான் இன்னும் விடலை" என்றேன்.

மேசையில், நான் கிளம்பும் முன்பே வந்து பதிவேட்டுக்கு அடியில் மாட்டிக்கொண்ட அவளுடைய கடிதம் ஒன்று இருந்தது. கார்த்திகைக்கு வந்துவிடுவீர்களா, அகல்விளக்கு எத்தனை வாங்க என்று கேட்டிருந்தாள். இருபத்தொன்று வாங்கு என்று அன்றைக்கே பதில் எழுதினேன். எழுத்து முன்போல் இல்லை.

முன்பெல்லாம் நடுவில் புதுத் துறை வந்தால் எனக்கு வயிறு எரியும். இப்போது தினமும் வரவேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். போன செவ்வாய்க்கிழமை கடலியல் துறை வந்தது, கடலோடு. இருதயராஜ் அந்தக் கரையில் பையோடு நிற்கிறாராம். அவருக்கு நீச்சல் தெரியாது.