பாலத்து இறக்கம்

கிழக்கு வெளுக்கும் முன்பே வண்டிகளைக் கழுவி முடிக்க வேண்டும் என்பது ஷெட்டின் சட்டம். அன்று வாளியும் கந்தலுமாக அவன் ஒருவன்தான் நின்றான். குளிர்ந்த தண்ணீரில் விரல் மரத்தது. மூன்று சக்கரம், இரண்டு நீள இருக்கை, மேலே கூரை கிடையாது. ஊர் பார்க்க வரும் வெளிநாட்டுக்காரர்களுக்குக் காற்று வேண்டுமென்று முதலாளி கூரையை அறுத்துவிட்டார். தேய்ந்த பிரேக்கைத்தான் மாற்றவில்லை.

போன வாரம் அவனுடைய தங்கை புருஷன் பாலத்து இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் வண்டியைச் சுவரில் தேய்த்து நிறுத்தினான். சவாரிக்காரர்கள் பிழைத்தார்கள், அவன் கால் முறிந்தது. "ஓட்டத் தெரியாதவனுக்கு இங்க வேலை இல்ல" என்றார் முதலாளி. பிரேக்கை மாற்று, அவனுக்கு வேலை கொடு என்று ஓட்டுநர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கூட்டத்தில் முதலில் கை தூக்கியவன் இவன்தான். புது வண்டி தருவதாக முதலாளி தனியே கூப்பிட்டுச் சொன்னதும் முதலில் சரிந்தவனும் இவன்தான். தங்கை முகத்தை நினைத்தால் சோறு இறங்கவில்லை.

முதல் சவாரி, அப்பா அம்மா சின்ன மகள் என்று ஒரு குடும்பம். பாட்டை அலறவிட்டு, முதலாளி கொடுத்த கோமாளித் தொப்பியை மாட்டிக்கொண்டு, பேருந்துகளுக்கு நடுவே புகுந்து புறப்பட்டான். மூவரும் கைகளைத் தூக்கிக் காற்றில் கத்திச் சிரித்தார்கள். ஓட்டுகிறவனும் சிரிக்க வேண்டும், அதுவும் வேலையில் சேர்த்தி. சிரித்தான்.

திரும்பும் வழி பாலம்தான். இறக்கத்தின் அடியில் வண்டி ஸ்டாண்டு, அங்கேதான் வேலைநிறுத்தம் செய்த ஓட்டுநர்கள் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். பாலத்து உச்சியில் பாட்டை நிறுத்தி, தொப்பியை நெற்றிக்கு இழுத்து, எஞ்சினையும் அணைத்தான். பெட்ரோலை மிச்சம் பிடிக்க எல்லா ஓட்டுநர்களும் செய்வதுதான். இன்று அவனுக்குச் சத்தத்தை மறைக்க வேண்டியிருந்தது.

பாதி இறக்கத்தில் மிதித்தான். பிரேக் பெடல் அடியோடு அமுங்கியது.

"பிரேக் போச்சு, விலகுங்க" என்று கத்தினான். ஒருவரும் விலகவில்லை. ஓடி வந்து இரண்டு பக்கமும் பற்றிக்கொண்டார்கள். செருப்பு தேய, உள்ளங்கை கிழிய, கொஞ்ச தூரம் இழுபட்டு, கட்டுப் போட்ட காலோடு மாப்பிள்ளை உட்கார்ந்திருந்த பெஞ்சுக்கு எதிரே வண்டியை நிறுத்தினார்கள். இதுவும் சவாரியில் ஒரு விளையாட்டு என்று நினைத்துக் குழந்தை கைதட்டியது. அவனுக்குச் செத்துவிடலாம் போலிருந்தது.

"எஞ்சினை ஏன்டா அணைச்சே?" என்று கேட்டான் வண்டியைப் பிடித்தவர்களில் ஒருவனான குட்டையன். அவன் கையில் ரத்தம் வடிந்தது.

"உங்க காதுல விழக்கூடாதுன்னு."

மாப்பிள்ளை மெல்லச் சொன்னான்: "எங்களுக்குப் பயந்து எமனை நம்பிட்டீங்களே மச்சான்."

திட்டியிருந்தால் தேவலை. அதற்குள் முதலாளியின் கார் வந்து நின்றது.

"நடுரோட்டுல என்னய்யா வேடிக்கை? எடு வண்டியை."

"பிரேக் இல்லீங்க."

"நேத்து வரைக்கும் இருந்துச்சே."

"மாப்பிள்ளைக்கும் முந்தின நாள் வரைக்கும் இருந்துச்சுங்க."

"அப்போ புது வண்டி வேணாமா உனக்கு?"

எல்லோரும் திரும்பி அவனைப் பார்த்தார்கள். காது மடல் எரிந்தது. தொப்பியைக் கழற்றினான்.

"ஆசைப்பட்டுத்தான் சரின்னேன். சொல்லவே வெக்கமா இருக்கு. இனி வேணாங்க."

"நாளைக்கு வேற ஆளைப் போட்டு ஓட்டுவேன்."

"போடுங்க. அவனும் இந்த இறக்கத்துலதான் வரணும். பிடிக்க நாங்க இங்கதான் இருப்போம்" என்றான் குட்டையன்.

கார் சீறிக்கொண்டு போனது. குடும்பம் இறங்கி, குட்டையனின் கையைப் பார்த்தபடி நடந்தது. வண்டியை மேட்டின் மேல் இருந்த ஷெட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தி, பிரேக் மாற்றும்வரை அங்கேயே உட்காருவது என்று முடிவாயிற்று.

நின்றுபோன வண்டியை மற்றவர்கள் தள்ளும்போது, ஓட்டி வந்தவன் உட்கார்ந்து ஹேண்டிலைப் பிடிப்பதுதான் அவர்களுக்குள் வழக்கம். "ஏறு" என்றார்கள். அவன் ஏறவில்லை. மாப்பிள்ளையைத் தூக்கி ஓட்டுநர் இருக்கையில் வைத்துவிட்டுப் பின்னால் வந்தான். எங்கே கை வைப்பது என்று தெரியாமல் நின்றான்.

குட்டையன் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டான்.

ரத்தம் பட்டிருந்த கம்பியில் அவன் கை வைத்தான். வண்டி மேட்டில் ஏறத் தொடங்கியது.