பதினாறாம் நாள் சவரம்

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டதும் வேலாயி ஓடிவந்து, மருமகள் மடியில் கிடந்த பிள்ளையின் முகத்தில் துண்டை இழுத்துப் போட்டாள். கரண்டிப் பால் துண்டில் சிந்தியது. பிள்ளைக்குப் புரையேறியது.

"எம்மாமியா கருமாதிக்கு வந்த சனம் இதப் பாத்துட்டுப் போயி வட்டவளை பூராவும் பேசணுமா?" என்றாள், அடிக்குரலில்.

சர்மிளா துண்டை விலக்கிப் பிள்ளையின் முதுகைத் தட்டினாள். நாலு மாதம் ஆகிறது. மேலுதடு மூக்குவரை பிளந்து பிறந்ததால் பால் உறிஞ்ச வராது. சொட்டுச் சொட்டாக ஊற்ற வேண்டும். நிறை ஏறவில்லை என்று மிட்வைஃப் ஒவ்வொரு தடவையும் முகம் சுளித்தாள்.

வயிற்றுப் பிள்ளையோடு சர்மிளா கிரகணத்தன்று கத்தி எடுத்துப் போஞ்சிக்காய் நறுக்கியதால் வந்த வினை என்பது வேலாயியின் தீர்ப்பு. தண்ணிப் பைப்படியிலும் தேயிலைக் கொழுந்து நிறுக்கிற இடத்திலும் அதையே சொல்லித் திரிந்தாள். கண்டி ஆஸ்பத்திரியில் உதட்டைத் தைக்க முதலில் கொடுத்த தேதியையும், சாமி குத்தத்தைக் கத்தியால் தீர்க்க முடியாது என்று அவள்தான் கெடுத்தாள். மகன் வினோஜன் தாய் பேச்சைத் தட்டாதவன். இரண்டாவது தேதி நாளைக்கு. இதையும் விட்டால் இன்னும் எத்தனை மாதமோ. துக்க வீட்டுப் பிள்ளைமேல் கத்தி படக்கூடாது என்று வேலாயி நேற்றே சொல்லிவிட்டாள்.

குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி இருந்ததா என்று டாக்டர் ஒருநாள் கேட்டார். வினோஜன் இல்லையென்று தலையாட்டினான். பாவம், அவனுக்கு உண்மையிலேயே தெரியாது.

சர்மிளாவுக்குத் தெரிந்தது பதினாறு நாளைக்கு முன்னால்தான். மாமனார் வீரய்யா தன் தாயை அடக்கம் செய்துவிட்டு, மழையில் தொப்பலாக நனைந்து வாசலில் வந்து நின்றார். கால் கழுவத் தண்ணீர் ஊற்றியவள் நிமிர்ந்து பார்த்தாள். எப்போதும் அடர்ந்து கிடக்கும் மீசை நனைந்து பிரிந்திருந்தது. நடுவே, உதட்டிலிருந்து மூக்குத் துவாரம்வரை ஒரு வெள்ளைக் கோடு. இரண்டு பக்கமும் தையல் போட்ட புள்ளிகள்.

முப்பது வருஷமாக அந்த முகத்தோடு குடும்பம் நடத்துகிறவள் வேலாயி. தெரிந்துகொண்டேதான் போஞ்சிக் கதை கட்டியிருக்கிறாள். சர்மிளா வாய் திறக்காமல் செம்பை உள்ளே கொண்டுபோய் வைத்தாள். செத்தவளுக்கு மூத்த மகனான மாமனார் பதினாறாம் நாள் மொட்டையடித்து மீசை எடுத்தே ஆகவேண்டும். அந்த நாளுக்காக அவள் காத்திருந்தாள்.

இன்று சவரக்காரர் ஆற்றோரம் வந்து உட்கார்ந்தாயிற்று. வேலாயி வாசலுக்குப் போய், வீட்டுக்காரருக்குச் சளி நெஞ்சைக் கட்டியிருக்கிறது, பதிலுக்குப் பேரன் வினோஜன் எடுக்கட்டும் என்று பங்காளிகளிடம் நைசாகச் சொல்லிப் பார்த்தாள்.

சர்மிளா கதவோரம் வந்து நின்றாள். குரலில் தேன் ஒழுகியது. "முறை முறைன்னு பதினாறு நாளா ஒரு கறி தாளிக்க விடல நீங்க. மூத்த மகன் கல்லு மாதிரி இருக்கப் பேரன் மீசை எடுத்தா, செத்தவங்க ஆத்மா எப்பிடி மாமி கரையேறும்?"

"மருமக சொல்றது ஞாயந்தானே?" என்றார் வேலாயியின் அண்ணன் அழகுமுத்து. "நடங்க மச்சான்."

வீரய்யா பெண்டாட்டியைப் பார்த்தார். பிறகு தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஆற்றுப் பக்கம் நடந்தார்.

திரும்பி வரும்போது வாயில் துண்டைப் பொத்தியிருந்தார். மொட்டைத் தலையில் உருமால் கட்டும் சடங்குக்காக வாசல் நடுவில் பலகை போட்டு உட்கார வைத்தார்கள். லயத்து வரிசை வீட்டுச் சனமெல்லாம் சுற்றி நின்றது. உருமாலோடு குனிந்த அழகுமுத்து, துண்டை எடுங்க மச்சான் என்று தானே பிடித்து இழுத்தார். இழுத்த கை அப்படியே நின்றது.

பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

சர்மிளா பிள்ளையோடு வெளியே வந்தாள். முகத்தில் துண்டு போடவில்லை. பாட்டன் மடியில் கிடத்தினாள். ஒரே பக்கம், ஒரே கோடு. ஒன்று தைத்தது, ஒன்று தைக்காதது.

"மாமாவப் பெத்தவங்க எந்தக் கிரகணத்துல போஞ்சி நறுக்குனாங்க, மாமி?"

வேலாயி முந்தானையை இழுத்து வாயைப் பொத்தினாள். பைப்படியில் அந்தக் கதையைக் கேட்டுக் கேட்டு 'உச்' கொட்டிய பெண்கள் பிள்ளையைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்தார்கள்.

"எனக்குத் தைக்கும்போது ஏழு வயசு," என்றார் வீரய்யா, பிள்ளையிடம் சொல்வதுபோல. "அதுவரைக்கும் எங்காத்தா என்னைய வாசலுக்கு விட்டதில்ல."

சர்மிளாவுக்கு அவர்மேல் ஒரு கணம் இரக்கம் வந்தது. ஆனால் நாலு மாதமாக அவள் வசவு வாங்கும்போதெல்லாம் இதே மனுஷன் மீசையைத் தடவிக்கொண்டு பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

"காலையில கண்டி பஸ் எத்தன மணிக்கு?" என்று கேட்டான் வினோஜன். அவன் தாயைப் பார்க்கவில்லை.

"அஞ்சரைக்கு," என்றாள் சர்மிளா.

பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள். இடுப்பில் செருகியிருந்த பால் கறை படிந்த துண்டை உருவி, நாலாக மடித்து, மாமனார் கையில் வைத்தாள்.

"மீசை வளர்ற வரைக்கும் வச்சிக்கங்க மாமா. எம்புள்ளைக்கு இனி வேணாம்."