ஓய்வுநாளில் வந்த இரும்பு அடுப்பு

எங்கள் ஒஹாயோக் காட்டில் கால்வாய் வருவதற்கு முன் கோதுமைக்கு மரியாதை கிடையாது. சந்தைக்குக் கொண்டுபோகலாம் என்றால் பாதி வழியில் வண்டி சேற்றில் புதையும். ஆகவே பன்றிக்குப் போட்டோம். சோளத்தை விஸ்கியாகக் காய்ச்சினோம். பக்திமான்களே அதிகம் குடித்தார்கள். கால்வாயில் தண்ணீர் வந்ததும் அதே கோதுமை படகேறி ஏரித் துறைக்குப் போனது. திரும்பி வந்த படகு உப்பும் கண்ணாடியும் காப்பிக்கொட்டையும் கொண்டுவந்தது. எனக்கு வேண்டியது ஒன்றுதான். இரும்பு அடுப்பு.

காரணம் என் தங்கை கெசியா. மூன்று வருஷம் முன்பு, கணப்பில் திறந்த நெருப்பின்மேல் தொங்கிய பானையைத் திருப்பக் குனிந்தவளின் பாவாடையில் தீப்பிடித்தது. பிழைக்கவில்லை. இப்போது என் மகள் லோயிஸ் பானை தூக்கும் உயரத்துக்கு வளர்ந்துவிட்டாள். அந்த நெருப்பின் முன் அவள் குனியக் கூடாது. படகுக்காரன் ஒருவனிடம் அடுப்புக்குச் சொல்லி வைத்தேன்.

எங்கள் போதகர் டிராஸ்க்குக்குக் கால்வாய் என்றாலே வேப்பங்காய். படகுகள் ஓய்வுநாளிலும் ஓடின, ஓட்டுகிறவர்கள் கரையில் நடந்து படகை இழுக்கும் கோவேறு கழுதைகளைக் காது கூசும்படி வைதார்கள். ஞாயிற்றுக்கிழமை படகைத் தொடுகிறவர் சபைக்குப் புறம்பு என்று தீர்மானம் போட்டார். அதற்கு முதலில் கை தூக்கியவர் சபை மூப்பரான என் வீட்டுக்காரர் ஆசகேல். என்னைக் கேட்டா தூக்கினார்!

அடுப்பு எந்தக் கிழமை வந்தது என்று சொல்லவும் வேண்டுமா? போதகர் நோவாவின் பேழையைக் கரைசேர்க்க முடியாமல் திணறிக்கொண்டிருந்தபோது, கோவிலுக்குப் பின்னாலிருந்து படகுக் கொம்பு ஊதியது.

"திர்சாம்மா! ஒங்க அடுப்பு வந்திருக்கு!" படகுக்காரன் மல்ரூனியின் குரல் பிரசங்கத்தைவிடத் தெளிவாகக் கேட்டது. "எறக்குறீங்களா, இல்ல அடுத்த ஊர்ல வித்துரவா? நான் நின்னா பின்னாடி வர்றவன் என் பாட்டன் வரைக்கும் இழுத்துத் திட்டுவான்!"

ஆசகேல் என் கையைப் பிடித்தார். "பேசாம ஒக்காரு. இன்னொண்ணு வரவழைச்சுக்கலாம்."

"அது வர்றதுக்குள்ள கால்வாய் உறைஞ்சு மூடி, குளிர்காலம் பூரா நம்ம பொண்ணு கணப்புலதான் நிக்கணும். விடுங்க கைய."

எழுந்து நடந்தேன். பின்னால் பெஞ்சுகள் கிறீச்சிட்டன. திரும்பிப் பார்த்தால் ஊர்ப் பெண்களில் பாதிப் பேர் வந்துகொண்டிருந்தார்கள். அந்த இரும்பு எருமையை ஒருத்தியால் தூக்க முடியாதென்று அவர்களுக்குத் தெரியும். நாங்கள் அதை இறக்கிக் கரையேற்ற, ஆண்கள் உள்ளே உட்கார்ந்து பரிசுத்தமாக வேடிக்கை பார்த்தார்கள்.

அத்தனை பெண்களையும் சபையிலிருந்து விலக்கினால் சமைக்க ஆளில்லாமல் ஊரே பட்டினி கிடக்க வேண்டும். ஆகவே என்னை மட்டும் விசாரிப்பது என்று முடிவாயிற்று. பனி கொட்டிய ஒரு மாலை போதகரும் மூப்பர்களும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். கோவிலில் கணப்பும் இல்லை, அடுப்பும் இல்லை. அங்கே விசாரிக்க யாருக்கும் ஆசையில்லை போலும். என் அடுப்பைச் சுற்றி நெருங்கி உட்கார்ந்து, அதில் சுட்ட சோள ரொட்டியை வெண்ணெயோடு தின்றார்கள். வாயைத் துடைத்துக்கொண்டு போதகர் கேட்டார்:

"திர்சா, செஞ்சதுக்கு மனஸ்தாபப்படுறியாம்மா?"

"படுறேன் ஐயா. அந்தப் படகு மூணு வருஷம் பிந்தி வந்துருச்சேன்னு படுறேன். கெசியாவப் பொதைக்கும்போது கர்த்தரோட சித்தம்னு சொன்னீங்க. அது சித்தம் இல்லீங்க ஐயா. அடுப்பு விக்கிற எடத்துக்கும் நமக்கும் நடுவுல கெடந்த சேறு."

என் குரல் உடைந்துவிட்டது. எனக்கு ஆத்திரமாக வந்தது, வெட்கமாகவும் இருந்தது.

"கெசியா மேல கம்பளியப் போட்டு நெருப்ப அணைச்சவன் நான்," என்றார் ஆசகேல், யாரையும் பார்க்காமல். "இவள வெலக்குறதா இருந்தா என்னையும் சேத்து வெலக்கிருங்க."

போதகர் அடுப்புக் கதவைத் திறந்து, உள்ளே அடைபட்டிருந்த நெருப்பைக் குனிந்து பார்த்தார். பிறகு தொப்பியை எடுத்துக்கொண்டார். மற்றவர்கள் படி இறங்கும்வரை காத்திருந்து என்னிடம் திரும்பினார். அவருக்கும் நாலு பெண்பிள்ளைகள்.

"வசந்தத்துல மல்ரூனி வந்தா, எனக்கும் ஒண்ணு சொல்லி வையும்மா," என்றார். "எந்தக் கெழம கொண்டாந்தாலும் சரி."