இன்னும் புறப்படாத அம்மா

எங்கள் அம்மா ரோசம்மாள் ஊமைப்படத்துக்குள் போய் ஏழு வாரம் ஆகியிருந்தது. படத்தின் கதாநாயகி தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போய்விட்டாள். அவள் நின்ற இடமெல்லாம் திரையில் வெள்ளையாகக் கிடந்தது. இரண்டு நாள் ஒத்தாசைக்கு என்றுதான் அம்மாவை அனுப்பினோம். அடுப்பிலிருந்த குழம்பைக்கூட இறக்காமல் போனாள்.

அப்பா சவரிமுத்து அந்தக் கூடாரக் கொட்டகையில் கதை சொல்பவர். திரைக்குப் பக்கத்தில் பிரம்போடு நின்று, "இதோ வருகிறான் பாருங்கள் வில்லன்!" என்பார். அவர் சொல்வதைப் படத்தில் இருப்பவர்கள் செய்தாக வேண்டும். அதுதான் வழக்கம். ஆனால் கைதட்டல் கேட்டால் எங்கள் அப்பாவுக்குத் தலைகால் புரியாது. இரண்டாம் நாள் தரை டிக்கெட் முழுக்க மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தது. அந்தக் குஷியில், "இந்த ரயிலில் ஏறுகிறவள் இனித் திரும்பவே மாட்டாள்!" என்று முழங்கிவிட்டார். படியில் கால் வைத்த அம்மா அவரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு ஏறிவிட்டாள்.

மறுநாள் அப்பா பேச்சை மாற்றப் பார்த்தார். "நேத்து ஒண்ணு, இன்னிக்கு ஒண்ணா? வாக்கு மாறாதீங்கண்ணே," என்று தரை டிக்கெட்காரர்கள் செருப்பைத் தூக்கினார்கள். அவர்கள் கேட்டதும் நியாயம்தான். அப்பா வீட்டுக்கு வந்து, தீய்ந்த குழம்புச் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு அழுதார். எனக்கு அவர்மேல் ஆத்திரமாக வந்தது. பாவமாகவும் இருந்தது.

ஏழாம் வாரம் வெள்ளிக்கிழமை படப்பெட்டி அடுத்த ஊருக்குப் போவதாக ஏற்பாடு. பெட்டி போனால் அம்மாவும் போய்விடுவாள். வியாழக்கிழமை காட்சியில் அப்பா கையிலிருந்த பிரம்பை நான் பிடுங்கினேன். படத்தைக் கையால் சுற்றுகிற காஜா ராவுத்தரிடம், "மாமா, பின்னாடி சுத்துங்க," என்றேன். பிறகு கூட்டத்தைப் பார்த்துச் சொன்னேன்:

"அப்பா சொன்னது சொன்னதுதான். இவள் திரும்ப மாட்டாள். ஏனென்றால் இவள் இன்னும் புறப்படவே இல்லை!"

யாரும் மறுக்கவில்லை. ரயில் பின்பக்கமாக வந்து நின்றது. அம்மா முதுகைக் காட்டிக்கொண்டு இறங்கி, திரையை விட்டு மணலில் கால் வைத்தாள். தம்பி லூர்து ஓடிப்போய் அவள் காலைக் கட்டிக்கொண்டான். அதைப் பார்த்து ராவுத்தர் மாமா கண் கலங்கி, கையை நிறுத்த மறந்துவிட்டார். படச்சுருள் அறுபது அடி கூடுதலாகச் சுற்றிவிட்டது. அறுபது அடி என்றால் பதினாறு வருஷம்.

அம்மா பதினெட்டு வயதில், இரட்டைச் சடையோடு நின்றாள். தம்பியை மெல்ல விலக்கி, "யாரு வீட்டுப் பிள்ளை இது?" என்றாள். லூர்து சொல்லத் தெரியாமல் என்னைப் பார்த்தான். நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அம்மா தன் தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நாங்கள் அங்கே பெண் பார்க்கப் போனோம். வெற்றிலைத் தட்டை நான் எடுத்துக்கொண்டேன். அம்மா காப்பி கொண்டுவந்தாள். அப்பா வாயே திறக்கவில்லை.

"இவரு பேச மாட்டாரா?" என்று அம்மா என்னிடம் கேட்டாள்.

"இனிமே நீங்க சொல்றதைக் கேட்டுட்டுத்தான் பேசுவாரு," என்றேன்.

அம்மா அவரை ஒரு பார்வை பார்த்தாள். ரயில் படியில் நின்று பார்த்த அதே பார்வை. அப்பா வியர்த்துப்போனார். அம்மா, "சரி," என்றாள்.

கல்யாணம் தையில். தம்பியும் நானும் பெண் வீட்டுப் பக்கம்.