ஆறாவது டப்பா

தோள்பட்டை இரண்டும் கழன்று விழுந்துவிடும்போல வலித்தது வேல்விழிக்கு. முந்தின நாள் பகலெல்லாம் சூளைக்குப் பொம்மைத் தட்டு ஏற்றியவள். ராத்திரி அப்பனின் பிணத்தோடு உட்கார்ந்தவள். இப்போது பீங்கான் கம்பெனி ஷெட்டிலிருந்து தகரப் படப்பெட்டிகளைத் தலையில் சுமந்து வருகிறாள்.

வாசலில் சாமியானா. பெஞ்சின்மேல் தாடைக்கட்டோடு அவள் அப்பா தனக்கோடி கிடந்தார். டூரிங் டாக்கீஸில் ஆபரேட்டராக இருந்தவர். கொட்டாயை மூடியபோது யாரும் கேட்டு வராத ஒரு படத்தை வீட்டுக்குத் தூக்கி வந்துவிட்டார். வேறெங்கும் அதற்குப் பிரதி கிடையாது என்று புனேயிலுள்ள தேசியத் திரைப்படக் காப்பகத்திலிருந்து போன் வந்தது. படுக்கையில் கிடந்தபடியே சிரித்தார். இன்றைக்கு வந்து வாங்கிக்கொள்வதாகப் பேச்சு. காப்பகத்திலிருந்து வந்து இறங்கிய மதிவாணனுக்கு இது சாவு வீடு என்று தெரியாது.

"இன்னொரு நாள் வரேம்மா."

"இன்னைக்குக் குடுக்கணும்னுதான் சார் அப்பா சொல்லிக்கினு இருந்தாரு. பாத்து எடுத்துக்கினு போங்க."

பக்கத்து வீட்டுப் பாஞ்சாலை பிணத்தின் காலைப் பிடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்தாள். அதிலும் வசவு குறையவில்லை.

"ஆபரேட்டரு அண்ணே... காட்டுறேன் காட்டுறேன்னு ஏமாத்திட்டுப் போறியே! எங்கூட்டு ஆம்பள மூஞ்சி மறந்துபோச்சே அண்ணே, இனிமே எனக்கு யாரு காட்டுவா?"

அவள் புருஷன் சாமிக்கண்ணு. அந்தப் படம் பிடிக்க வந்தவர்கள் மணிமுத்தாற்று மணலில் மாட்டுவண்டி ஓட்ட அவனைக் கூட்டிப்போனார்கள். ஆறாவது டப்பாவில் வருவான். மாட்டை அதட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்துச் சிரிப்பான். செத்துப்போனவனுக்கு ஒரு போட்டோகூடக் கிடையாது. காப்பகத்தில் சுத்தம்பண்ணிப் பிரதி எடுத்ததும் காட்டுகிறேன் என்று தனக்கோடி அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தார்.

மதிவாணன் வேலியோரம் உட்கார்ந்து, கையுறை மாட்டி, முதல் மூடியை நெம்பினார். கெட்டுப்போன பிலிமின் காடி நெடி குப்பென்று அடித்தது. பிலிம் நெளிந்து சுருண்டிருந்தது. அடுத்தடுத்த டப்பாக்களில் அதுவும் இல்லை, ஒட்டிப்போய் வறட்டியாகக் கிடந்தது.

"எங்கம்மா வச்சிருந்தீங்க?"

"மழைக்கு வூடு ஒழுகுச்சு சார். சூளைக்குப் பக்கத்துல சுடாத பச்சைப் பொம்மை காய வைக்கிற அலமாரியில வச்சேன். அங்க ஈரமே அண்டாது."

அவர் கையிலிருந்த மூடியைக் கீழே வைத்தார்.

"பிலிமுக்குச் சூடு ஆகாதும்மா. நாங்க ஜில்லுன்னு இருக்கிற ரூம்லதான் வைப்போம்."

அவள் கண்டதெல்லாம் களிமண். சரியாகக் காயாததைச் சூளையில் ஏற்றினால் வெடித்துத் தொலைக்கும், கூலியில் பிடிப்பார்கள். ஈரத்தைத் தவிர வேறு எதிரி அவளுக்குத் தெரியாது. பெட்டிகளைப் பற்றி அப்பா கேட்டபோதெல்லாம், "காஞ்ச எடத்துல பத்திரமா இருக்குதுப்பா" என்றாள். அவரும் நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டார்.

"எதுனா தேறுமா சார்?"

"மொதல் டப்பாவுல கொஞ்சம் தேறலாம்."

"ஆறாவது?"

அவர் விரலால் அதிலிருந்த பிலிமைத் தட்டினார். வெந்த பீங்கானைப்போலச் சத்தம் வந்தது. மூடியைப் போட்டு அழுத்தினார்.

பறைக்காரர்கள் எழுந்தார்கள். மூக்கைச் சிந்தி முந்தானையில் துடைத்துக்கொண்டே பாஞ்சாலை வந்தாள்.

"இன்னா பாப்பா, எடுத்துக்கினு போறாங்களா? எங்கூட்டு ஆளு இருக்குதா அதுல?"

மதிவாணன் குனிந்து கையுறையைக் கழற்றினார்.

"இருக்காரு அத்தை," என்றாள் வேல்விழி.

"சிரிச்சிக்கினுதான இருக்குது?"

"ம்."

"சாரு, நானும் போயி சேர்றதுக்குள்ள காட்டிருங்க. இந்த மனுசன் மாதிரி டிமிக்கி குடுத்துடாதீங்க."

மதிவாணன் டப்பாக்களை ஒவ்வொன்றாகக் காரில் வைத்தார். வேல்விழி அப்பாவுக்கு வாய்க்கரிசி போட்டாள். பாடை தெருமுனை திரும்பியது. பெண்கள் அதற்குமேல் போகக்கூடாது, நின்றார்கள். நிற்க முடியாமல் பாஞ்சாலை, வேல்விழியின் வலிக்கிற தோளிலேயே கையை ஊன்றிக்கொண்டாள். வேல்விழி நகரவில்லை.

அப்பா போய்விட்டார். பாஞ்சாலைக்கு அவள் புருஷன் முகத்தைக் காட்டவேண்டிய பாக்கி இனி வேல்விழியுடையது.