ஒரு பை மூச்சு

லாரி ஓட்டுநருக்கு ஊதுவது புதிதல்ல. நெடுஞ்சாலையில் போலீஸ்காரர் கருவியை நீட்டுவார், இவர் ஊதுவார். குடித்த காலத்தில் கிராம்பை மென்றுவிட்டு ஊதுவார். மாட்டாமல் தப்பியதெல்லாம் கிராம்பின் தயவு என்று நம்பினார். குடியை விட்டார். நம்பிக்கையை விடவில்லை.

இப்போது வயிறு. சாப்பிட்டது நெஞ்சிலேயே நின்றது. அண்ணன் வயிற்றுப் புற்றில்தான் போனார். தெரிந்தபோது காலம் கடந்திருந்தது. வாய்வழியே குழாய் விட்டுப் பார்க்கலாம் என்றார் டாக்டர். மலையிறக்கத்தில் பிரேக் போன லாரியை நிறுத்தியவர், குழாய் என்றதும் எழுந்து செருப்பைத் தேடினார்.

"சரி, முதல்ல மூச்ச சோதிப்போம்" என்றார் டாக்டர். "சந்தேகமா வந்தா குழாய்க்கு ஒத்துக்கணும்."

ஓட்டுநர் தலையாட்டினார்.

மறுநாள் காலை சோதனைக்கூடத்தில் ஒரு பையைக் கொடுத்தார்கள். நிறைய ஊதினார். இயந்திரம் முனகியது. அங்கிருந்த பெண் திரையைப் பார்த்தாள்.

"ஐயா, காலையில என்ன சாப்பிட்டீங்க?"

"பச்சத் தண்ணி பல்லுல படல."

"கிராம்பு?"

உடன் வந்திருந்த மனைவி அவர் பக்கம் திரும்பினாள். ஓட்டுநர் மின்விசிறியைப் பார்த்தார்.

"மிஷினையே ஏமாத்தப் பாத்தீங்களா?" என்றாள் மனைவி.

"போலீஸ்காரன் வச்சிருக்கறதும் மிஷின்தானே."

"அது சாராயத்த மட்டும் தேடும்" என்றாள் பெண். "இது மூச்சுல இருக்கறத எல்லாம் தனித்தனியாப் பிரிக்கும். கட்டி இருந்தா சில வாயு ரத்தத்துல கலந்து மூச்சுல வரலாம். ரொம்பக் கொஞ்சமா. கிராம்பு அத மறைச்சிடும்."

"அப்ப மறைக்கற அளவுக்கு இருக்கா?"

ஓட்டுநர் இப்போது திரையைப் பார்த்தார். பெண் நாற்காலியை அருகே இழுத்தாள்.

"தெரியலைங்க. இருக்குன்னும் சொல்ல முடியாது, இல்லன்னும் சொல்ல முடியாது. நாளைக்கு வெறும் வாயோட வாங்க."

படியிறங்கும்போது மனைவி சொன்னாள்: "உங்க அண்ணனும் வெறும் வாயுதான்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு."

"பயமா இருக்குடி."

"தெரியுது. இத்தன டன் லோடு ஏத்திக்கிட்டு ஓட்டறீங்க, விரல் தடிமன் குழாய்க்கு நடுங்கறீங்க."

அடுத்த நாள் சோதனைக்கூட வாசலிலேயே மனைவி அவர் வாயைத் திறக்கச் சொல்லி, செல்போன் வெளிச்சத்தில் கடைவாய்வரை பார்த்தாள். மாட்டுச் சந்தையில்கூட அப்படிப் பார்க்கமாட்டார்கள். பிறகுதான் உள்ளே விட்டாள்.

ஊதினார்.

சந்தேகம் என்று வந்தது. குழாயில் பார்த்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும் என்றார் டாக்டர்.

"இப்பவே விட்டுடுங்க" என்றார் ஓட்டுநர். "வீட்டுக்குப் போனா மனசு மாறிடும்."

மயக்கம் தெளிந்தபோது மனைவி கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். சதையைக் கிள்ளிப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். சில நாள் கழித்து அந்த முடிவை வாங்கிக்கொண்டு மனைவி வீட்டுக்கு வந்தாள்.

"இருக்குதாம்" என்றாள். "சின்னதுதான். வெட்டி எடுத்துடலாம்னு சொல்றாங்க."



"எப்ப?"

"அடுத்த வாரம். அதுக்குள்ள எங்கயாவது ஓடிடாதீங்க."

"எங்க ஓடறது? லாரிச் சாவிய எடுத்து ஒளிச்சிட்டியே."

"இல்லையே" என்றாள். "மேசை மேலதான் இருக்கு."

அவர் பார்த்தார். இருந்தது. எடுக்கவில்லை.